ஒரே டிப்ளமோ, இரண்டு டெக்னீஷியன் இன்டர்வியூ: எஸ்எம்டி லைனா, டேட்டா சென்டரா?

டிப்ளமோ ஈசிஇ முடித்த கையோடு ஒரே மாதத்தில் இரண்டு இன்டர்வியூவுக்குப் போனேன். ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சர்க்யூட் போர்டு தயாரிக்கும் ஃபேக்டரியில், எஸ்எம்டி லைன் (சின்னச் சின்ன பாகங்களை போர்டில் வைத்து ஒட்டும் மெஷின் வரிசை) மெயின்டனன்ஸ். இன்னொன்று சிறுசேரியில், வரிசையாக சர்வர்கள் ஓடும் ஒரு டேட்டா சென்டர். இரண்டுமே டெக்னீஷியன் வேலைதான், ஆனால் ஒன்றுக்குப் படித்தது இன்னொன்றுக்கு உதவவே இல்லை.

ஃபேக்டரியில் பேச்சு குறைவு. ரெஸ்யூமேயைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஒரு போர்டையும் மல்டிமீட்டரையும் என் பக்கம் தள்ளி, "ஷார்ட் இருக்கு, எங்கன்னு கண்டுபிடிப்பா" என்றார் இன்டர்வியூ எடுத்த சீனியர். பவர் எடுத்தாச்சா என்று கேட்காமலேயே மீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் மோடு) வைத்து ப்ரோபைக் கொண்டுபோனேன், அவர் முகம் போன போக்கிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் வந்த கேள்விகள் எல்லாம் லைனில் தினமும் பார்க்கிற விஷயங்கள்: உடம்பின் ஸ்டாட்டிக் போர்டைக் கெடுக்காமல் இருக்கக் கையில் கட்டும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் எதற்கு (தவறிப்போய் கரன்ட் உள்ள இடத்தில் கை பட்டால் உடம்பு வழியாக அதிகம் பாயாமல் இருக்க), ஈயம் இல்லாத எஸ்ஏசி305 சால்டர் எத்தனை டிகிரியில் உருகும் (217 பக்கம், ஈயம் கலந்த பழைய 63/37 என்றால் 183), ரீஃப்ளோ (சூட்டில் சால்டரை உருக்கி ஒட்டுவது) முடிந்து வந்த போர்டில் சின்ன சிப் ஒன்று ஒரு காலில் எழுந்து நிற்கிறதே, ஏன்? சிப்பின் இரண்டு முனையும் ஒட்டும் இரண்டு பேடிலும் சால்டர் ஒரே நேரத்தில் உருகிப் பிடிக்காததால் என்று சொன்னதும்தான் தலையாட்டினார்.

டேட்டா சென்டரில் வாய்தான் வேலை செய்ய வேண்டும். "சர்வர் ஆன் ஆகல, என்ன பண்ணுவீங்க?" இதற்கு உடனே ரேம் என்று சொன்னால் போச்சு. டிக்கெட்டில் (வந்த புகாரில்) இருக்கிற ரேக், அதாவது சர்வர் இருக்கும் அலமாரி, சீரியல் நம்பரைச் சரிபார்ப்பதில் ஆரம்பித்து, பவர் கேபிள், இரண்டு பவர் சப்ளையின் லைட், அதற்கப்புறம்தான் ரேம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பக்கத்து சர்வரைத் தவறுதலாக அணைத்துவிடுகிற ஆளை அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால் ஓடும், புது டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்ப எழுதும் ரீபில்டு முடிவதற்குள் இரண்டாவதும் போனால் டேட்டா அம்பேல். மஞ்சள் ஃபைபர் கேபிள் என்றால் சிங்கிள் மோடு, தூரமாகப் போகும் வகை. கொஞ்சம் லினக்ஸ், கொஞ்சம் இங்கிலீஷ்.

என்னைக் கேட்டால், வீட்டிலேயே தயாராக முடிகிறது டேட்டா சென்டருக்குத்தான்: பழைய டெஸ்க்டாப் ஒன்றைப் பிரித்து மாட்டி, லினக்ஸ் போட்டு ஒரு மாதம் உருட்டினால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஃபேக்டரிக்கு அப்படி முடியாது. பாலிடெக்னிக் லேபில் பக்கத்துப் பையனின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவன் (நானும்தான்) மல்டிமீட்டரைப் பிடிக்கிற விதத்திலேயே மாட்டிக்கொள்வான்.

ஆனாலும் என்னை எடுத்தது ஃபேக்டரிதான். செலக்ட் ஆனபிறகு ஹெச்ஆர் ரூமில்தான் இது கம்பெனி ரோல் (கம்பெனியின் நேரடி வேலை) இல்லை, கான்ட்ராக்ட் என்று சொன்னார்கள். டெக்னிக்கல் ரவுண்டு முடியும்போதே அதைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேலை கொடுக்க மாட்டார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.