நன்னடத்தை அலுவலர் சேவை: பதினோரு மாத அனுபவம், ஐந்துக்கு மூன்று ஸ்டார்

என் அக்கா மகனுக்காகப் பதினோரு மாதமாக இந்தச் சேவையில் இருக்கிறோம். மாசாமாசம் அலுவலரிடம் கையெழுத்துப் போடப் போவது அவன், அவன் ஒழுங்காக இருப்பான் என்று பாண்டில் (உறுதிப் பத்திரத்தில்) கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டது தாய்மாமன் நான். பையன் பேர், ஊர் எதுவும் எழுத மாட்டேன், எழுதினால் இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவில் ஆறு மாதம் வரை உள்ளே அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், சில சமயம் இரண்டுமே.

சொந்தக்காரர்கள் எல்லாம் "பரோல்ல வந்திருக்கான்" என்கிறார்கள். பரோல் என்பது ஜெயிலில் தண்டனைக் கைதிக்குக் கொடுக்கும் லீவு. இவனுக்கு வந்தது வேறு. பதினாறு வயதில் இவன் வண்டி ஓட்ட, பின்னால் இருந்தவன் ஒருத்தருடைய செல்போனைப் பறித்தான். சில வாரம் கூர்நோக்கு இல்லம் (விசாரணை நடக்கும்போது சிறுவர்களை வைக்கும் இடம்), அப்புறம் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் உட்கார்ந்து விசாரித்து, சிறப்பு இல்லத்துக்கு (தப்பு செய்த சிறுவர்களை உள்ளே வைக்கும் இடம்) அனுப்பாமல் நன்னடத்தைப் பேரில் இரண்டு வருஷத்துக்கு எங்களிடமே விட்டார்கள், கண்காணிக்க நன்னடத்தை அலுவலர். சட்டப்படி மூன்று வருஷம் வரை போட்டிருக்கலாம்.

நிபந்தனைகளில் ஒன்று, அந்த இன்னொரு பையனோடு சேரக்கூடாது. சரி, ஆனால் அவன் வீடு எங்கள் தெருவிலேயே நாலாவது வீடு, குடிதண்ணீர்க் குழாய் ஒன்றுதான். இவன் காலையில் குடத்தை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே நிற்பான், அவனும் அப்படியே நிற்பான், இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வாய்த்த அலுவலர் மேடம் தங்கம். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது சாதாரணக் காட்டன் புடவையில் தோளில் துணிப்பை மாட்டிக்கொண்டு வந்தார், பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்ததும் "ஸ்காலர்ஷிப் விஷயமா வந்தேன்" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அந்த ஒரு பொய்க்கே ஒரு ஸ்டார். பையன் அப்போது டூவீலர் மெக்கானிக் கடையில் சேர்ந்திருந்தான். மாசாமாசம் முதல் செவ்வாய் லீவு கேட்க வேண்டும், பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவந்தான் (பாட்டி போய்ச் சேர்ந்து நாலு வருஷம்). நாலாவது மாதம் ஓனர் கேட்டே விட்டார்: "அது என்னடா வியாதி, மாசத்துல முதல் செவ்வாய் மட்டும் வருது?" மேடத்திடம் சொன்னதும் காலை ஒன்பதரைக்கே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று மாற்றிக் கொடுத்தார், கடை திறக்கும் பத்தரைக்குள் போய்விடுகிறான்.

மைனஸ் எக்கச்சக்கம். மேடம் கோர்ட்டுக்கோ இல்லத்துக்கோ போன நாளில் பதில் சொல்ல ஆள் கிடையாது, மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். கவுன்சலிங் என்ற பெயரில் நாலு தடவை போதைப் பழக்கம் பற்றிப் படம் காட்டினார்கள், இவன் பீடிகூடத் தொட்டதில்லை.

பெரிய மைனஸ் இந்த அலுவலகத்தில் இல்லை, போலீசில். வழக்கு முடிந்த பிறகு சிறுவனின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்குக்கூட போலீஸ் வெளியே தரக்கூடாது, தண்டனையால் பின்னாளில் வேலைக்கோ படிப்புக்கோ தடை வரக்கூடாது என்பதெல்லாம் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஏரியாவில் ஒரு போன் காணாமல் போனால் போதும், "சும்மா வந்துட்டுப் போடா" என்று இவனுக்குத்தான் அழைப்பு. தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி பத்தரை வரை உட்கார வைத்தார்கள். மேடம் போன் போட்டுப் பேசியதில் மூன்று மாதம் நிம்மதி, அப்புறம் பழையபடி. அப்படி ஒரு நாள் இரவு இவன் என்னிடம் கேட்டான், "உள்ளேயே இருந்திருந்தா இந்தத் தொல்லை இருந்திருக்காதுல்ல மாமா?" பாண்டில் கையெழுத்துப் போட்ட கையால் அவனுக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தேன், வேறு என்ன சொல்ல.

ரெஜிஸ்டரில் முதல் மாதம் எழுத்துக்கூட்டிப் பேரை எழுதியிருக்கிறான், பேனா அழுத்தி அடுத்த பக்கம்வரை பதிந்திருந்தது. போன மாதம் பார்த்தால் சாய்த்து எழுதி, கீழே ஒரு கோடு, இரண்டு புள்ளி. யாரிடம் கற்றான் என்றால் ஓனர் பில்லில் போடுவது அப்படித்தானாம்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: உங்கள் ஆதாரும் பையன் ஆதாரும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் முந்தின நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆபீஸ் கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் பத்து மணிக்கு முன்னால் ஷட்டரைத் தூக்குவதில்லை.