பிளாக்ஸ்பாட், வேர்ட்பிரஸ், கிட்ஹப்: புதிதாகத் தளம் தொடங்குபவர் எதை எடுக்கலாம்?

சொந்தமாக ஒரு வெப்சைட் வேண்டும் என்று தேட ஆரம்பித்தால் டொமைன், ஹோஸ்டிங், நேம்சர்வர், எஸ்எஸ்எல், சிபேனல் என்று வரிசையாக வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகக் கட்டி ஒரே விலை போட்டு விற்பதால், எது எதற்கு என்று தெரியாமலே பலரும் பணம் கட்டிவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சிக்கல் இல்லை. உங்கள் தளத்தின் பெயர் டொமைன். தளத்தின் கோப்புகள் கிடக்கும் இடம் ஹோஸ்டிங். பெயரைக் கேட்டால் இடத்தைச் சொல்கிற பதிவேடு டிஎன்எஸ். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் யாரும் எட்டிப் பார்க்காமலும் மாற்றாமலும் காப்பது எஸ்எஸ்எல் சான்றிதழ். மற்றதெல்லாம் இந்த நான்கின் கிளைகள்தான்.

தொடங்குவதற்கு நான்கு வழிகள் உண்டு: பிளாக்ஸ்பாட், வேர்ட்பிரஸ்.காம், சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ், கிட்ஹப் பேஜஸ். இவற்றில் எது அழகு, எது வேகம் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதல் கேள்வி, நாளைக்கு அந்த இடம் சரிப்படவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப முடியுமா என்பதுதான். காரணம் இருக்கிறது. இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் மூடியபோது அங்கே பக்கம் வைத்திருந்தவர்கள் முகவரியோடு சேர்த்து இழந்தார்கள். நம் ஊர்க் கடைக்காரர்கள் பலர் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாகக் கிடைத்த 'பிசினஸ்.சைட்' முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அந்தத் தளங்களை நிறுத்தியது. ஜூன் 10 வரை பழைய முகவரிக்கு வந்தவர்களை புரொஃபைல் பக்கத்துக்குத் திருப்பி விட்டார்கள், அப்புறம் அதுவும் இல்லை. கார்டு மட்டும் மிச்சம்.

அதனால் முதல் செலவு டொமைனுக்குத்தான். இதை மொபைல் நம்பர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: நம்பர் உங்கள் பெயரில் இருந்தால் கம்பெனியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். போர்ட் செய்ய ஒரு கோடு வருவது போல, டொமைனை ஒரு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து (டொமைனை விற்றுப் பதிந்து தரும் நிறுவனம்) இன்னொருவருக்கு மாற்றவும் ஒரு ரகசியக் கோடு உண்டு. .காம் என்றால் பதிவு செய்த முதல் 60 நாளைக்கு மாற்ற முடியாது, அவ்வளவுதான். ஆனால் 'உங்கள் பெயரில் இருந்தால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சைட் செய்து கொடுத்தவரே தன் ஈமெயிலைப் போட்டு டொமைனையும் பதிந்துவிடுவது சர்வசாதாரணம். இரண்டு வருடம் கழித்து அவர் தொழிலை மாற்றிக்கொள்வார், ரின்யூவல் மெயில் அவர் இன்பாக்ஸில் போய்க் கிடக்கும், கடைக்காரர் சைட் திறக்கவில்லையே என்று யார் யாரையோ விசாரித்துக்கொண்டிருப்பார். காலாவதியான .காம் பெயர் உடனே கைவிட்டுப் போகாது என்பது ஓர் ஆறுதல். முதலில் ரெஜிஸ்ட்ரார் தரும் அவகாசம், அதிகபட்சம் 45 நாள். அதற்கப்புறம் கூடுதல் அபராதத்தோடு மீட்க 30 நாள். பிறகு 5 நாள் யாருமே தொட முடியாமல் இருந்துவிட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று திறந்துவிடப்படும்.

.காம், .இன், .இந்தியா என்ற மூன்றில் எது? .காம் பெயர்கள் எல்லாவற்றுக்குமான பதிவேட்டை வெரிசைன் என்ற நிறுவனம் நடத்துகிறது. அது ரெஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் மொத்த விலையே 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆனது. ஆகவே 99 ரூபாய்க்கு .காம் என்று விளம்பரம் வந்தால் கைக்காசு போட்டுத்தான் விற்கிறார்கள், இரண்டாம் ஆண்டு ரின்யூவலில் எடுத்துவிடுவார்கள். விலைப் பட்டியலில் முதல் ஆண்டு விலையைப் பார்க்கவே வேண்டாம், ரின்யூவல் விலையைத் தேடிப் பிடியுங்கள். .இன் பதிவேடு இந்தியாவின் நிக்சி என்ற அமைப்பின் கையில் இருக்கிறது. உள்ளூர் வியாபாரத்துக்கு .இன் தாராளமாகப் போதும். தமிழிலேயே எழுதும் .இந்தியா முகவரி பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் டிஎன்எஸ்ஸுக்குள்ளே அது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஒரு ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் போகிறது, சில இடங்களில் அந்தக் கோவையே வாசகர் கண்ணில் படும். அந்தப் பெயரில் ஈமெயில் வைத்தால் பல விண்ணப்பப் படிவங்கள் ஏற்காது. கூடுதலாக வாங்கி, முதன்மை முகவரிக்குத் திருப்பி விடுவதற்கு நல்லது. அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

சரி, இடத்துக்கு வருவோம்.

பிளாக்ஸ்பாட்டைப் பழைய சரக்கு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. 1999இல் தொடங்கி 2003இல் கூகுள் வாங்கியது, உண்மைதான். தமிழ் வலைப்பதிவுகளின் முதல் அலையில் பெரும்பங்கு அங்கேதான் அடித்தது. இன்றைக்கும் ஹோஸ்டிங் கட்டணம் இல்லை, சொந்த டொமைனை இணைக்கக் கட்டணம் இல்லை, எஸ்எஸ்எல் அவர்களே போட்டுத் தருகிறார்கள். டெம்ப்ளேட்கள் சுமார்தான். மொபைலில் திறந்தால் முகவரிக்குப் பின்னால் 'எம்=1' என்று ஒரு வால் ஒட்டிக்கொள்ளும், அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் கிளம்புவது சுலபம். எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக எடுக்கலாம், வேர்ட்பிரஸில் அதை உள்ளே இழுக்கவும் வழி உண்டு. ஆண்டு, மாதம், பதிவின் பெயர் என்ற அதே முகவரி அமைப்பை வேர்ட்பிரஸிலும் வைத்துக்கொள்ள முடியும். ஆகவே சொந்த டொமைனோடு இருந்தவரின் பழைய சுட்டிகள் இடம் மாறிய பிறகும் வேலை செய்யும்.

வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு விஷயங்கள் இருப்பதால் குழப்பம். 2003இல் மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கிய வேர்ட்பிரஸ் ஓர் இலவச மென்பொருள். அதை டவுன்லோட் செய்து உங்கள் ஹோஸ்டிங்கில் நீங்களே நிறுவலாம். அந்த மென்பொருளை வைத்து ஆட்டோமேட்டிக் நிறுவனம் நடத்தும் சேவைதான் வேர்ட்பிரஸ்.காம். அதன் இலவசத் திட்டத்தில் விளம்பரம் அவர்களுடையது, முகவரியிலும் அவர்கள் பெயர் இருக்கும், சொந்த டொமைன் போட வேண்டுமானால் கட்டணத் திட்டம். அங்கிருந்து கிளம்பி வாசகர்களைப் புது முகவரிக்குத் திருப்பி விடவும் ஆண்டுக் கட்டணம். பணம் கட்ட மனமில்லாதவர் பிளாக்ஸ்பாட்டிலேயே இருக்கலாம், கட்டத் தயாரானவர் சொந்த ஹோஸ்டிங்குக்குப் போய்விடலாம். நடுவில் இருக்கும் இந்த இலவசத் திட்டம் யாருக்கு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சொந்த ஹோஸ்டிங் என்றால் ஆரம்பத்தில் ஷேர்டு ஹோஸ்டிங்தான். ஒரே சர்வரில் உங்களோடு இன்னும் எத்தனையோ தளங்கள் குடியிருக்கும். சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் ஈமெயில் கணக்கு, டேட்டாபேஸ், கோப்புகள் எல்லாம் தெரியும். 'பப்ளிக்_எச்டிஎம்எல்' என்ற ஃபோல்டருக்குள் போடுவதுதான் உலகத்துக்குத் தெரியும். 'அன்லிமிடெட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் நிபந்தனைப் பக்கத்தில் ஐநோடு (கோப்புகளின் எண்ணிக்கைக் கணக்கு) என்று தேடிப் பாருங்கள். இடத்துக்கு எல்லை இல்லை என்பார்கள், கோப்புகளின் எண்ணிக்கைக்கு எல்லை இருக்கும். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்துக்கும் பல அளவுகளில் நகல் எடுத்து வைப்பதால் அந்த எண்ணிக்கை மளமளவென்று ஏறும். எஸ்எஸ்எல்லுக்குத் தனியாகப் பணம் கேட்டால் வேறு கடை பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 டிசம்பரிலிருந்து பொதுமக்களுக்கு இலவசச் சான்றிதழ் தருகிறது. ஆயுள் 90 நாள், நல்ல ஹோஸ்ட் அதைத் தானாகப் புதுப்பித்துவிடும். 2018 ஜூலையிலிருந்து எஸ்எஸ்எல் இல்லாத தளங்களை எல்லாம் பாதுகாப்பற்றது என்று குரோம் முகவரிப் பட்டையிலேயே எழுதிவிடுகிறது, வாங்க வந்தவர் அதைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார்.

இந்த வழியில் பணத்தைவிடப் பெரிய செலவு பராமரிப்புதான். பிளக்இன்களையும் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்கள்) தீம்களையும் (தோற்ற வடிவங்கள்) புதுப்பிக்காமல் விட்டால் பழைய ஓட்டை வழியாக எவனாவது நுழைந்துவிடுவான். பேக்கப் எடுத்து அதே சர்வரில் வைத்திருந்தால் அது பேக்கப்பே இல்லை. ஆனால் படிவம், கடை, பில், மொழித்தேர்வு என்று எது கேட்டாலும் செய்ய முடிவது இங்கேதான். விற்பனை இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை.

கிட்ஹப் என்பது புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம், அது தரும் ஹோஸ்டிங்தான் கிட்ஹப் பேஜஸ். கொஞ்சம் நிரல் எழுதப் பயப்படாதவருக்கு அது. டேட்டாபேஸ் கிடையாது, வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள், அதனால் உடைக்க ஒன்றுமில்லை, வேகமும் பிரமாதம். தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதம் 100 ஜிபி வரை பார்வையாளர் போக்குவரத்து என்பது தளர்வான வரம்பு. இணையக் கடை நடத்த அதன் விதிகள் இடம் தராது.

தமிழில் எழுதுபவர் கவனிக்க வேண்டிய ஒரு வித்தியாசம் எந்த விலைப் பட்டியலிலும் இருக்காது. 'தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை செய்யும் முறை' என்று தலைப்பு வைத்து வெளியிடுகிறீர்கள். பிளாக்ஸ்பாட் அந்தத் தமிழை அப்படியே உதறிவிட்டு 'பிளாக்-போஸ்ட்' என்று ஒரு முகவரி கொடுக்கும், அடுத்ததற்கு அதே பெயரோடு ஓர் எண். பழைய தமிழ்ப் பதிவுகளின் சுட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது இதனால்தான். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்றுக்கொள்ளும், ஆனால் முகவரிக்குள் வைக்கும்போது எழுத்து, புள்ளி, கால், கொம்பு என்று ஒவ்வொரு குறியையும் ஒன்பது எழுத்துக் குறியீடாக விரிக்கிறது. அதன் டேட்டாபேஸில் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துதான் இடம். கணக்குப் போட்டால் 22 குறிகள். நம் தலைப்பு 'தஞ்சாவூர்-தலையாட்டி-பொம்' என்பதோடு வெட்டுப்பட்டு நின்றுவிடும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் நாலைந்து வரிக்கு விழுக்காட்டுக் குறிகள் கொட்டும். இரண்டிலும் வெளியிடுவதற்கு முன் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே அடித்துவிடுவதுதான் நல்லது. பிளாக்ஸ்பாட்டில் வெளியிட்ட பிறகு மாற்றினால் பகிர்ந்த சுட்டிகள் உடையும்.

கடைசியாக, பெயரையும் இடத்தையும் இணைக்கும் வேலை. இதற்கும் இரண்டு வழி. நேம்சர்வரையே, அதாவது உங்கள் டிஎன்எஸ் பதிவேடு இருக்கும் சர்வரையே, புது ஹோஸ்டுக்கு மாற்றுவது ஒன்று. இரண்டே வரி ஒட்டினால் போதும் என்பதால் எல்லோரும் இதைத்தான் சொல்லித் தருவார்கள். நேம்சர்வரைத் தொடாமல், அந்தப் பதிவேட்டில் தேவையான வரிகளை (ரெக்கார்டுகளை) மட்டும் திருத்துவது இன்னொன்று. பிளாக்ஸ்பாட் இரண்டாவது வழியைத்தான் கேட்கும்: ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் இரண்டு சிநேம் ரெக்கார்டுகள், முன்னால் மூன்று டபிள்யூ இல்லாமல் வருபவர்களுக்காகப் பெயரைச் சர்வரின் எண் முகவரியோடு இணைக்கும், 216.239 என்று தொடங்கும் நான்கு ஏ ரெக்கார்டுகள். டொமைன் பெயரிலேயே ஈமெயில் வைத்திருப்பவர் இரண்டாவது வழியை எடுப்பதே மேல். நேம்சர்வரை மாற்றினால் பழைய பதிவேடு முழுக்கப் போய்விடும், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டும் அதோடு சேர்த்தி. சைட் புதுசாகப் பளபளவென்று திறக்கும், ஆர்டர் மெயில் மட்டும் வராது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய ரெக்கார்டுகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புது இடத்தில் முதலிலேயே உள்ளிட்டுவிட்டு, அப்புறம் நேம்சர்வரை மாற்றுங்கள். பழையதும் புதியதும் இரண்டு நாள் வரை கலந்துதான் தெரியும், அதுவரை பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்ய வேண்டாம்.