முகத் தொய்வுக்கும் சுருக்கத்துக்கும் உள்ள சிகிச்சைகள்: ஒரு மதிப்பீடு

முகத்தில் இளமையை மீட்டுத் தருவதாகச் சொல்லப்படும் சிகிச்சைகள் ஊசி, நூல், லேசர், கத்தி எனப் பல வடிவங்களில் கிடைக்கின்றன. விளம்பரங்களைப் பார்ப்பவர்களுக்கு இவை அனைத்தும் ஒரே வேலையைச் செய்பவை போலவும், செலவிலும் ஓய்வு நாட்களிலும் மட்டுமே வேறுபடுபவை போலவும் தோன்றும். ஆனால் முகம் முதிர்வதற்குக் காரணங்கள் பல. தசை ஓயாமல் சுருங்குவதால் நெற்றியிலும் புருவ நடுவிலும் கோடு விழுகிறது. உள்ளிருக்கும் கொழுப்பும் எலும்பும் குறைவதால் கன்னம் ஒட்டுகிறது. தாங்கிப் பிடிக்கும் திசு தளர்வதால் தாடையோரம் தொங்குகிறது. வெயில் தோலின் மேற்பரப்பையே பழுதாக்குகிறது. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் போட்டுக்கொள்வதுதான் பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம் என்பது என் கணிப்பு. ஆகவே ஒவ்வொரு சிகிச்சையையும் மூன்று கேள்விகளை வைத்து இங்கே எடைபோடுகிறேன்: எந்தக் குறையைத் தீர்க்கிறது, எவ்வளவு காலம் நிற்கிறது, பிடிக்காவிட்டால் திரும்பப் பெற முடியுமா?

மருத்துவரிடம் போவதற்கு முன்பே ஒருவர் தமது குறையை ஓரளவு அறிந்துகொள்ளலாம். கைக்கண்ணாடியை முதலில் நிமிர்ந்து அமர்ந்து பார்க்க வேண்டும். பிறகு மல்லாந்து படுத்துக்கொண்டு அதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். படுத்தவுடன் மறைந்துவிடும் தாடைத் தொய்வும், மூக்கோரத்திலிருந்து வாய்முனை வரை இறங்கும் மடிப்பும் புவியீர்ப்புக்கு இணங்கிய தளர்ச்சியைக் காட்டுகின்றன. அசையாமல் படுத்திருந்தும் மறையாத மெல்லிய கோடுகளும் நிறத்திட்டுகளும் தோலைச் சார்ந்தவை. புருவத்தை நெரிக்கும்போது மட்டும் தோன்றி, நெரிப்பதை விட்டால் மறைபவை தசையைச் சார்ந்தவை.

தசைக் கோடுகளுக்குப் போடாக்ஸ் ஊசியை மிஞ்சிய சிகிச்சை இல்லை. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் நரம்பு முனையில் வெளியேறுவதைத் தடுத்துத் தசையை அது தற்காலிகமாக ஓய்வெடுக்க வைக்கிறது. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவரான ஜீன் கேரதர்ஸும் தோல் மருத்துவரான அவருடைய கணவர் அலஸ்டர் கேரதர்ஸும் புருவ நடுக் கோடுகளுக்கு இதைப் பயன்படுத்திய ஆய்வை 1992இல் வெளியிட்டனர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த அழகியல் பயன்பாட்டுக்கு 2002இல் ஒப்புதல் அளித்தது. புருவ நடுவுக்கு வழக்கமான அளவு ஐந்து இடங்களில் மொத்தம் 20 யூனிட். சில நாட்களில் பலன் தெரியத் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுமையடையும், மூன்று முதல் நான்கு மாதங்களில் மறையும். மருந்து இமையைத் தூக்கும் தசைக்குப் பரவினால் இமை சரிந்து நிற்கும்; அதுவும் சில வாரங்களில் தானே சரியாகும் என்பதால், பிழைபட்டாலும் நிரந்தரக் கேடு அரிது. இருந்தும் ஒரு எச்சரிக்கை: போடாக்ஸின் யூனிட்டும், அதே வகை மருந்தின் இன்னொரு வணிகப் பெயரான டிஸ்போர்ட்டின் யூனிட்டும் சமமல்ல. எந்த மருந்து, எத்தனை யூனிட் என்பதை எழுதிக் கொடுக்க மறுக்கும் இடத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

ஃபில்லர் ஊசிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுபவை இவைதாம். தலையணையில் பஞ்சு குறைந்தால் உறை தொங்குவது போல, கன்னத்தின் கொழுப்பு குறைந்தால் தோல் தொங்குகிறது. அந்த இடத்தை நிரப்புவதே ஃபில்லரின் வேலை. உடலிலேயே இயல்பாக உள்ள ஹையலுரானிக் அமிலம் என்னும் பொருளால் ஆனவை ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும். அவற்றின் மிகப் பெரிய சிறப்பு, ஹையலுரோனிடேஸ் என்னும் நொதியை ஊசியாகச் செலுத்திக் கரைத்துவிட முடிவதுதான். ரேடியஸ் போன்ற கால்சியம் வகைக்கும், ஸ்கல்ப்ட்ரா போன்ற பாலிலாக்டிக் அமில வகைக்கும் அப்படிக் கரைக்கும் மருந்து இல்லை. முதன்முறை போட்டுக்கொள்பவர்கள் கரையக்கூடிய வகையைத் தவிர வேறொன்றை நாட வேண்டாம் என்பேன்.

ஃபில்லரின் அபாயம் விளம்பரங்களில் பேசப்படாத ஒன்று. ஊசி தவறுதலாக இரத்தக்குழாய்க்குள் புகுந்து அதை அடைத்துவிட்டால், அந்தக் குழாய் ஊட்டும் தோல் பகுதி கருகிப்போகலாம். புருவ நடுவிலும் மூக்கிலும் உள்ள குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாய்களோடு இணைந்திருப்பதால், அங்கே நேரும் அடைப்பு பார்வையையே பறித்துவிடலாம். இது அரிது, ஆனால் நேர்ந்தால் சில நிமிடங்களுக்குள் செயல்பட வேண்டும். ஊசி போட்டவுடன் தோல் வெளிறுவதும், வலை பின்னியது போல நீலம் பாரிப்பதும், வழக்கத்துக்கு மீறிய வலியும் முதல் அறிகுறிகள். எனவே ஒரு மருத்துவமனையில் நான் முதலில் கேட்கச் சொல்வது ஹையலுரோனிடேஸ் அந்த அறையிலேயே கையிருப்பில் இருக்கிறதா என்பதைத்தான். அழகு நிலையங்களில் இந்தக் கேள்விக்குச் சிரிப்புதான் பதிலாகக் கிடைக்கும். அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. இன்னொரு குறை மெல்ல வெளிப்படுவது: தொய்ந்த முகத்தைத் தூக்குவதற்காக ஆண்டுதோறும் ஃபில்லரை ஏற்றிக்கொண்டே போனால், கன்னம் உப்பி, கண்கள் சிறுத்து, வயதும் குறையாமல் முகச்சாயலும் மாறிப்போகிறது.

உண்மையான தொய்வுக்கு முகத்தைத் தூக்கித் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவை சிகிச்சைக்கு நிகரில்லை. பழைய முறையில் தோலை மட்டும் இழுத்துத் தைத்தார்கள். தோல் நெகிழும் தன்மையுடையது என்பதால் சீக்கிரமே மீண்டும் தளர்ந்தது, பலத்த காற்றை எதிர்த்து நிற்பது போன்ற இறுகிய தோற்றமும் அதனால் வந்ததே. தோலுக்கு அடியில் தசையைப் போர்த்தியிருக்கும் ஸ்மாஸ் என்ற இழைப்படலத்தை மிட்ஸ், பெய்ரோனி ஆகிய மருத்துவர்கள் இருவரும் 1976இல் விவரித்த பிறகு, இழுக்க வேண்டியது அந்தப் படலத்தையே என்பது நிலைபெற்றது. அறுவை மருத்துவர் சாம் ஹம்ரா 1990இல் விவரித்த டீப் பிளேன் முறை, படலத்துக்கு அடியில் உள்ள பிணைப்புகளை விடுவித்து, கன்னத் திசுவை ஒரே தொகுப்பாக மேலே நகர்த்துகிறது. பாரத்தைப் படலம் தாங்குவதால் தோல் இழுவிசையின்றித் தைக்கப்படுகிறது. பலன் பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டுகள் நிற்கும். அதன் பிறகும் முகம் பழைய நிலைக்குத் தாவுவதில்லை. அங்கிருந்து வழக்கம்போல் முதிர்கிறது.

திறமையைக் காட்டும் இடம் காது. தழும்பு காதின் முன்மடிப்பிலும், காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு முனையின் ஓரத்திலும், பின்பக்க மடிப்பிலும் ஒளிந்திருக்க வேண்டும். காதுச்சோணை கன்னத்தோடு ஒட்டிக் கீழே இழுபட்டிருந்தால், தோலை அளவுக்கு மீறி இழுத்துத் தைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆண்களுக்குக் கீறலை அந்த முனைக்குப் பின்னால் கொண்டு சென்றால், தாடி முளைக்கும் தோல் காதின் மேல் ஏறி, பிறகு காதையும் மழிக்க வேண்டி வரும். தேர்ந்த மருத்துவர் இதை முன்கூட்டியே பேசித் தீர்மானிப்பார். சிக்கல்களில் அதிகம் காணப்படுவது தோலுக்கடியில் இரத்தம் தேங்குவது. பெரும்பாலும் முதல் நாளிலேயே வரும், ஆண்களிடமும் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடமும் கூடுதலாக வரும். காதைச் சுற்றி மரத்துப்போன உணர்வு சில மாதங்கள் இருக்கலாம். முகநரம்பு பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் தற்காலிகமே, எனினும் நிரந்தரமாகும் வாய்ப்பு அறவே இல்லை என்று யாரும் உறுதி கூற முடியாது. புகைபிடிப்பவர்களுக்குத் தோலின் இரத்த ஓட்டம் குறைந்து காதுக்குப் பின்னால் தோல் அழுகும் அபாயம் உண்டு. பல வாரங்களுக்கு முன்பே புகையை விடச் சொல்லாத மருத்துவர் பணத்தை மட்டுமே பார்க்கிறார். வீக்கமும் கன்றிய நிறமும் வெளியாட்களைச் சந்திக்கும் அளவுக்கு அடங்க இரண்டு வாரமாவது ஆகும். முழு வடிவம் தெரியப் பல மாதங்கள் பிடிக்கும்.

செலவையும் வலியையும் கணக்கில் கொண்டால், முழுப் பட்டியலிலும் நான் முதலிடம் தருவது மேல் இமை அறுவை சிகிச்சைக்கே. இடம் மரக்கச் செய்யும் ஊசியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும், தழும்பு இமை மடிப்புக்குள் மறைந்துவிடும், தையல் ஒரு வாரத்துக்குள் பிரிக்கப்படும், பலன் பல ஆண்டுகள் நிற்கும். ஆனால் கண் சோர்ந்து தெரிவதற்குக் காரணம் புருவம் இறங்கியதா, இமைத் தோல் மிகுந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டும். புருவம் இறங்கியவருக்கு இமைத் தோலை வெட்டினால் புருவம் இன்னும் கீழே வந்து உட்காரும். கண் வறட்சி உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. கீழ் இமைப் பையை இமையின் உட்புறம் வழியாக அணுகினால் வெளியே தழும்பே இருக்காது. அறுவைக்குப் பின் கண்ணில் கடும் வலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் காலை வரை காத்திராமல் உடனே மருத்துவரை அடைய வேண்டும்.

தோலின் மேற்பரப்புக்கு லேசரும், மருந்து தடவி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீலும். 2004இல் அறிமுகமான ஃபிராக்ஷனல் லேசர் முறை, தோல் முழுவதையும் சுடாமல் நுண்ணிய தூண்களாகச் சுட்டு, இடையில் நலமான தோலை விட்டுவைப்பதால் ஆறுவது எளிதாயிற்று. மாநிறமும் கருநிறமும் உடையவர்களுக்குச் சுட்ட இடம் மேலும் கறுத்துப்போகும் அபாயம் அதிகம் என்பதால், தோல் நிறத்தை ஒன்று முதல் ஆறு வரை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் நான்கு முதல் ஆறு வரை வருபவர்கள் குறைந்த ஆற்றலில், அத்தகைய தோலில் அனுபவமுள்ளவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். ஆழமான ஃபீனால் பீல் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது; அதை இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் வசதியின்றிச் செய்யக் கூடாது.

தோலுக்கடியில் நூலைச் செலுத்தி முகத்தைத் தூக்கும் நூல் லிஃப்ட்டுக்கு என்னிடம் நல்ல வார்த்தை இல்லை. இதில் பயன்படும் பிடிஓ என்ற கரையும் வகை நூல் சுமார் ஆறு மாதத்தில் கரைகிறது, தூக்கல் அதற்கும் முன்பே இறங்கத் தொடங்குவதுண்டு, இடையில் தோலில் குழி விழுவதும் நூல்முனை தட்டுப்படுவதும் நேர்கிறது. அல்ட்ராசவுண்டு இறுக்கம் கத்தியின்றி ஆழ்திசுவைச் சூடாக்குகிறது. இலேசான தளர்ச்சி உள்ளவர்களுக்குச் சிறிய மாற்றம் தெரியும், தொங்கும் கழுத்துக்கு அது போதாது. அறுவைக்குப் பதிலாக என்று சொல்லி இவ்விரண்டையும் விற்பது நேர்மையன்று.

இந்தப் பட்டியலில் சேராத ஒரு பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 903 பேரை நான்கரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியான ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் தடவியவர்களிடம் தோல் முதிர்ச்சி மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. லேசருக்குப் பிறகு சன்ஸ்கிரீனைக் கைவிடுபவர் தாம் செலவழித்ததை வெயிலில் காயப்போடுகிறார்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பவர்கள் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். முன்படத்தில் மேலிருந்து வரும் கடுமையான வெளிச்சமும், பின்படத்தில் ஒப்பனையும் புன்னகையும் சற்றே உயர்த்திய மோவாயும் இருந்தால் அந்தப் படம் எதையும் நிரூபிக்கவில்லை. ஒரே வெளிச்சத்தில், புன்னகையின்றி, பக்கவாட்டிலும் எடுத்த, ஓராண்டு கழித்த படங்களைக் கேளுங்கள். காதோரமும் கழுத்தும் தெரிய வேண்டும், தலைமுடி பின்னால் கட்டப்பட்டிருக்க வேண்டும்.