கடற்கரை வீட்டுக்கு ஹேங்கிங் லைட்: இரும்பா, பித்தளையா, பனை ஓலையா?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் தொங்கு விளக்கு வாங்கப் போனால் டிசைனைப் பார்க்கும் முன் அது எதில் செய்தது என்று கேளுங்கள், ஏனென்றால் மதுரைக் கடையில் பளபளப்பவை எல்லாம் நம் உப்புக் காற்றில் அப்படியே நிற்பதில்லை.

பவுடர் கோட்டிங் அடித்த கறுப்பு இரும்புக் கூண்டு விலை குறைவு, அழகாகவும் இருக்கும். ஆனால் திருகு முடுக்கும் இடத்தில் பூச்சு கொஞ்சம் பெயர்ந்தால் போதும், அங்கிருந்து துரு ஊர்ந்துபோய் மற்ற பூச்சையும் தூக்கிவிடும். கடலை விட்டுத் தள்ளி, ராமநாதபுரம் டவுனுக்குள் வீடு என்றால் சரி, வாங்கலாம்.

பித்தளை துருப்பிடிக்காது. கறுக்கும், பச்சை பூக்கும், புளி போட்டுத் தேய்த்தால் பழையபடி வந்துவிடும். பித்தளை மூடியும் கண்ணாடிக் குடுவையும் சேர்ந்த விளக்குக்குத்தான் என் ஓட்டு. கண்ணாடியில் படியும் உப்பை ஈரத்துணியால் துடைத்தாலே போகும். ஆனால் பித்தளை முலாம் பூசிய இரும்பையும் அதே விலையில் விற்கிறார்கள், அதனால் கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள், ஒட்டினால் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் பிடித்திருக்கிறது என்றால் 304 கிரேடு அல்ல, 316 கிரேடு கேளுங்கள். அதில் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும்.

பனை ஓலைக் கூடை விளக்கை நம் மாவட்டத்தில் முடைகிறவர்களிடம் அளவு சொல்லிச் செய்யலாம். உள்ளே எல்இடி பல்பு மட்டும் போடுங்கள், குண்டு பல்பின் சூட்டுக்கு ஓலை ஆகாது. சாரல் அடிக்கும் திண்ணையில் பூஞ்சை பிடிக்கும், ஆகவே ஹாலுக்கு நல்லது. சாப்பாட்டு மேசைக்கு ஓலை வேண்டவே வேண்டாம்! பின்னலின் நிழல் தட்டில் விழுந்தால் மீனில் முள் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அங்கே கண்ணாடிதான்.

உயரம் மேசைப் பலகையிலிருந்து 75 முதல் 90 செ.மீ. ஆட்கள் நடக்கும் இடமென்றால் தரையிலிருந்து 7 அடியாவது விடுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஃபேன். விளக்கு இறக்கைக்கு மேலே வந்தால் நிழல் சுற்றிச் சுற்றி அடித்துக் கண்ணை உறுத்தும், கீழே பக்கத்தில் வந்தால் ஆடிக்கொண்டே இருக்கும், அப்புறம் ஒயர் இணைப்பு தளரும். அதனால் மேசை எங்கே என்று முதலிலேயே முடிவு செய்து, தளத்துக்குக் கான்கிரீட் போடும்முன் அதற்கு நேர் மேலே தனியாக ஒரு கொக்கி வைக்கச் சொல்லுங்கள். விளக்கின் எடையை அந்தக் கொக்கிதான் தாங்க வேண்டும், ஒயர் அல்ல.