கீதா முகர்ஜியைப் படிக்க உதவும் நாடாளுமன்ற மின்னூலகம்

மக்களவை விவாதங்களை 1952 முதல் இலவசமாகப் படிக்கலாம் என்பதே நாடாளுமன்ற மின்னூலகத்தின் பெரிய பலம். நான் அங்கே போவது பெரும்பாலும் கீதா முகர்ஜிக்காகத்தான். மேற்கு வங்கத்தின் பான்ஸ்குராவில் ஏழு முறை வென்ற இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், எதிர்க்கட்சி வரிசையில் நெடுங்காலம் இருந்தவர். 1996-இல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை ஆராய்ந்த கூட்டுக்குழுவின் தலைவர் அவர்தான். சுமார் மூன்றே மாதத்தில் அறிக்கை கொடுத்து, மாநிலங்களவைக்கும் சட்ட மேலவைகளுக்கும்கூட ஒதுக்கீடு வேண்டும், பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கான உள்ஒதுக்கீட்டையும் உரிய நேரத்தில் பரிசீலியுங்கள் என்று அந்தக் குழு அன்றே பரிந்துரைத்தது. 2000-இல் அவர் இறந்தார், சட்டமோ 2023-இல்தான் வந்தது, அதிலும் அந்த உள்ஒதுக்கீடு இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. அரசியல் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த மின்னூலகத்தைக் கட்டாயம் காட்டுங்கள்.