எறிகயிற்றுப் பை: கால்வாய்க் கரைக்கு எதைப் பார்த்து வாங்குவது?

மேட்டூர் திறந்து கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால், கரையோரத் தெருக்களில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருள் இது: தண்ணீரில் தத்தளிப்பவருக்குக் கரையிலிருந்தே கயிறு வீசிக் காப்பாற்றும் பை. ஒரு பை, அதற்குள் 15 முதல் 25 மீட்டர் கயிறு, அடியில் மிதப்பதற்கு ஒரு நுரைத் துண்டு. இவ்வளவுதான். ஆனாலும் கடையில் தொங்குகிற எல்லாமே ஆளை இழுக்க உதவாது.

முதலில் கயிறு. பாலிப்ரொப்பிலீனாக இருக்க வேண்டும். தண்ணீரைவிட லேசானது, மிதக்கும். நைலான் பலமானதுதான், ஆனால் மூழ்கும். மூழ்கிய கயிறு தத்தளிப்பவரின் கண்ணில் படாது, காலைத்தான் சுற்றும். கயிற்றின் நுனியை ஒரு வாளித் தண்ணீரில் விட்டாலே தெரிந்துவிடும். 6 மி.மீ. கயிறு பைக்குள் கச்சிதமாக அடங்கும். ஆள் பாரம் ஏறியதும் ஈரக் கையை அறுக்கும். 8 மி.மீ.க்குக் குறைந்து வாங்க வேண்டாம். நீளம் 20 மீட்டர் போதும். பழகாத கை 15 மீட்டரைத் தாண்டி வீசுவது அரிது, மிச்சக் கயிறு சுமைதான்.

எறிபவர் பிடிக்கும் நுனியில் கைவளையம் வைத்துத் தைத்த பைகளும் வருகின்றன. அதை அவிழ்த்துவிடுங்கள். மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் கரையில் நிற்பவரையும் நீரோட்டம் இழுத்துப் போய்விடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் இடுப்பில் கட்டுவதும் அதே ஆபத்துதான்.

இந்தப் பையின் அருமை தெரிவது சிமெண்ட் சரிவு போட்ட கால்வாயில். நீர்மட்டத்தை ஒட்டிப் பாசி படிந்திருக்கும். கை பதியாது, கால் நிற்காது. நன்றாக நீந்துகிறவரே ஏற முடியாமல் களைத்துப்போவார். காப்பாற்றப் போகிறவர் சரிவில் இறங்கினால் அவரும் உள்ளேதான். கரையின் மேலேயே நின்று, பை வாயைத் திறந்து இரண்டு மூன்று மீட்டர் உருவிவிட்டு, “கயிறு!” என்று உரக்கக் கத்தி அவர் பார்த்த பிறகு, கையைக் கீழிருந்து வீசி அவர் தோளுக்கு மேலாகப் பை தாண்டி விழும்படி எறிய வேண்டும். எறிந்த கையோடு உட்கார்ந்து குதிகாலை ஊன்றிக்கொள்ளுங்கள். கயிறு இறுகியதும் நீரோட்டமே அவரைக் கரைப் பக்கம் ஒதுக்கும். மல்லுக்கட்டி இழுத்தால் பிடி நழுவும்.

முதல் வீச்சு தவறினால் கயிற்றை மறுபடி பைக்குள் திணிக்க நேரமில்லை. பையில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு, அந்தப் பாரத்தோடு எறியுங்கள். ஷட்டருக்குக் கீழே சுழலில் சிக்கியவருக்கும் பக்கக் கரையிலிருந்து கயிறு மட்டுமே. ஆள் இறங்கக் கூடாது. இன்னொருவர் அதற்குள் 112-ஐ அழைத்து, பக்கத்துப் பாலத்தின் பெயரைச் சொல்லட்டும்.

பை இல்லையென்றால்? மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி கேன் ஏறக்குறைய 5 கிலோ பாரத்தைத் தாங்கும். தலை நீருக்கு மேல் நிற்க அது பெரிய உதவி. கேனின் கைப்பிடியில் கயிறு கட்டி, கை ஓங்குவதற்குப் பாரமாக ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே ஊற்றி மூடினால் போதும். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை வீசியே இரண்டு இளைஞர்களை இழுத்துக் காப்பாற்றினார்கள்.

கயிற்றைச் சுருட்டி வைத்தால் வீசும்போது சிக்கும். பிடிபிடியாகத் திணித்துத்தான் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் இழை நொறுங்கும். படித்துறைக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையில், நிழலில், பூட்டில்லாமல் ஒரு ஆணியில் தொங்கவிடுங்கள்.