கம்பத்துப் பெட்டிக்கு எந்த சுவிட்ச்?

மூன்றாம் கேமராவின் படம் வரவில்லை. ஆனால் கட்டுப்பாட்டு அறையில், கருவிகளை வலையமைப்பில் இணைக்கும் சுவிட்சில், அந்தக் கேமராவுக்கான போர்ட்டின் (கேபிள் செருகும் துளையின்) பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. போர்ட் அணைந்தால் மாற்றுப் பாதைக்குத் தாவ வேண்டும் என்று அமைத்து வைத்திருந்தோம். போர்ட் அணையவே இல்லை, சுவிட்சும் தாவவில்லை. வெளியே போய்ப் பார்த்தால், பள்ளம் தோண்டும் இயந்திரம் கேபிளை வாரிப் போட்டிருந்தது. நடுவில் இருந்த மீடியா கன்வெர்ட்டர் (ஒளியிழைக்கும் செம்புக் கேபிளுக்கும் இடையே சைகையை மாற்றித்தரும் பெட்டி), ஒளியிழைப் பக்கம் செத்த பிறகும் செம்புப் பக்கத்தில் இணைப்பை உயிரோடு காட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்தையும் அணைத்துவிடும் வசதி அந்தப் பெட்டியிலேயே ஒரு சிறு டிப் சுவிட்சாக, அதாவது நகர்த்தும் விசையாக, இருந்தது. அதை யாரும் நகர்த்தவில்லை.

கட்டடத்துக்கு வெளியே, கம்பத்திலோ சுவரிலோ தொங்கும் பெட்டிக்குள் வலையமைப்பைக் கொண்டுசேர்க்கும் வேலைக்கு வழக்கமாக மூன்று வழிகள் போட்டியிடும். முதலாவது, மீடியா கன்வெர்ட்டரும் சாதாரண சுவிட்சும். இரண்டாவது, ஒளியிழை மாடுலைச் செருகும் எஸ்.எஃப்.பி. போர்ட் உள்ள, தூரத்திலிருந்தே அமைக்கவும் கண்காணிக்கவும் முடிந்த அலுவலக ரக மேனேஜ்டு சுவிட்ச். மூன்றாவது, டின் ரெயில் என்னும் உலோகப் பட்டையில் மாட்டும் தொழிற்சாலை ரக மேனேஜ்டு சுவிட்ச். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பதால் ஒளியிழை வேண்டுமா என்ற விவாதமே இங்கே எழுவதில்லை. கட்டடத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே மின்னலும் நில மின்னழுத்த வேறுபாடும் பயணம் செய்ய ஒளியிழை வழிவிடாது என்பது கூடுதல் லாபம். ஆனால் கேபிளில் எஃகுக் கவசம் இருந்தால் அதை முறையாக நிலத்தோடு இணைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த லாபம் கைநழுவிவிடும்.

முதல் வழியை நான் ஏறக்குறைய ஒதுக்கிவிட்டேன். கன்வெர்ட்டருக்கு ஒரு அடாப்டர், சுவிட்சுக்கு ஒரு அடாப்டர், கேமராவுக்கு மின்சாரம் தர இன்னொன்று என்று பெட்டி நிறைய கறுப்புக் கட்டிகள் தொங்கும். அதில் எது இறந்தது என்று தூரத்திலிருந்து அறிய வழியில்லை. பெட்டியைத் திறந்து மடிக்கணினியைச் செருகுபவரை அந்தச் சுவிட்ச் யார் என்று கேட்காது. தற்காலிக வேலைக்கு, பூட்டிய அறைக்குள், ஒரே ஒரு கருவிக்கு என்றால் பயன்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். விவரத்தாளை மட்டும் பார்த்தால் அலுவலக ரகம்தான் பலசாலியாகத் தெரியும். போர்ட்டுகள் அதிகம், 10 கிகாபிட் மேல் இணைப்பு, வசதிகள் ஏராளம். ஆனால் அந்தத் தாளின் கடைசி வரிகளில் இயங்கும் வெப்பநிலை என்று ஒரு எண் இருக்கும்: 0 முதல் 45 அல்லது 50 டிகிரி செல்சியஸ். வெயிலில் நிற்கும் மூடிய உலோகப் பெட்டியின் உட்புறம் வெளிக்காற்றைவிடப் பல டிகிரி அதிகமாகச் சூடேறும். அதற்குள் பவர் ஓவர் ஈதர்நெட் (வலையமைப்புக் கேபிள் வழியே மின்சாரம்) தரும் சுவிட்ச் தன் பங்குக்கு வெப்பத்தைக் கக்கும். போதாக்குறைக்கு விசிறி வேறு. விசிறி தூசியை இழுக்கும், தூசி விசிறியை நிறுத்தும். தொழிற்சாலை ரகத்தில் விசிறி இல்லை, உடலே வெப்பத்தகடு. பெரும்பாலானவை மைனஸ் 40 முதல் 75 டிகிரி வரை தாங்கும். இரண்டு மின் உள்ளீடுகளும் ஒரு எச்சரிக்கை ரிலேயும் இருக்கும். சில மாடல்களில் டிஜிட்டல் உள்ளீடும் உண்டு. அதில் பெட்டிக் கதவின் தொடுவிசையை இணைத்தால், கதவைத் திறந்த நொடியே கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். பாதுகாப்புக்கு இதைவிட மலிவான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 75 டிகிரி தாங்கும் சுவிட்சை வாங்கிவிட்டு, அதில் சாதாரண எஸ்.எஃப்.பி. மாடுலைச் செருகுவார்கள். வணிக ரக மாடுல் 0 முதல் 70 டிகிரிக்குத்தான். தொழிற்சாலை ரக மாடுல் மைனஸ் 40 முதல் 85 வரை போகும். கோட்டை கட்டிவிட்டுக் கதவை அட்டையில் செய்வதுபோல.

மின்சாரக் கணக்கும் அப்படித்தான். 2009-ஆம் ஆண்டு வந்த 802.3ஏ.டி. என்னும் பவர் ஓவர் ஈதர்நெட் தரப்படி ஒரு போர்ட்டுக்கு 30 வாட். எட்டு போர்ட் இருந்தால் 240 வாட் கிடைக்கும் என்று நம்பி வாங்கினால், மொத்த வரம்பு அதில் பாதியாக இருக்கக்கூடும். இன்னொன்று, அந்தத் தரத்தில் போர்ட்டில் 50 முதல் 57 வோல்ட் இருக்க வேண்டும். பெட்டியில் 24 வோல்ட் மின்வழங்கி மட்டும் இருந்தால், சுவிட்சுக்குள்ளேயே மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று உள்ள மாடலைத் தேட வேண்டும். அது இல்லாததைத் தெரியாமல் வாங்கினால் சுவிட்ச் எரியும், கேமரா எரியாது, விளக்கைச் சொல்கிறேன்.

ஆக, காற்றுப்பதனம் உள்ள அறைக்குள் ரேக் இருந்தால் அலுவலக ரகம். அறைக்கு வெளியே எங்கே போனாலும் தொழிற்சாலை ரகம். போர்ட் எண்ணிக்கை குறைவாயிற்றே என்று தயங்க வேண்டாம். கம்பத்துப் பெட்டியில் 24 போர்ட் சுவிட்ச் என்றால் இருபது காலித் துளைகள். ஒவ்வொன்றும் உள்ளே வர ஒரு வழி.

அந்தத் துளைகளை அடைப்பதில்தான் மேனேஜ்டு சுவிட்சின் மதிப்பு இருக்கிறது. பயன்படாத போர்ட்டை அணைத்து, எங்கும் போகாத வீலானில் (சுவிட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பில்) போட்டுவிட வேண்டும். பயன்படும் போர்ட்டில் 802.1எக்ஸ் என்னும் அடையாளச் சோதனையை வைத்து, கருவி சான்றிதழைக் காட்டினால் மட்டுமே அனுமதிக்க வேண்டும். அதை அறியாத பழைய கேமராக்களுக்கு, கருவியின் வன்பொருள் எண்ணான மேக் முகவரியைப் பார்த்து அனுமதிக்கும் முறை இருக்கிறது. ஆனால் அந்த முகவரி கேமராவின் முதுகில் ஒட்டிய தாளிலேயே அச்சாகியிருக்கும். ஆகவே அப்படிப்பட்ட போர்ட்டிலிருந்து படப்பதிவுக் கருவிக்கு மட்டும் வழிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் தடுத்துவிடுங்கள். குறியாக்கமில்லாத தொலைநுழைவான டெல்நெட்டை மூடுவது, கண்காணிப்புக்கான எஸ்.என்.எம்.பி.யில் மூன்றாம் பதிப்பை மட்டும் வைத்துக்கொள்வது, மேலாண்மைக்குத் தனி வீலான் என்பதெல்லாம் முதல் அரைமணி நேர வேலை.

ஒளியிழையை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்ற நம்பிக்கை இன்னும் உலவுகிறது. இழையை வேண்டிய அளவு வளைத்தால் ஒளி கசியும், கசிவதைப் பிடித்துப் படிக்கலாம். ஆகவே குறியாக்கம் வேண்டும். அதிலும் இரண்டு கட்சி. 802.1ஏ.இ. என்னும் மேக்செக், ஒரு சுவிட்சிலிருந்து அடுத்த சுவிட்ச் வரை வன்பொருளிலேயே முழு வேகத்தில் பூட்டும். ஒவ்வொரு தரவுச் சட்டகத்துக்கும் அதிகபட்சம் 32 பைட் கூடும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு சுவிட்சிலும் பூட்டு திறந்து மறுபடி பூட்டப்படும், இரு முனையிலும் ஆதரவு இருக்க வேண்டும். இரண்டாவது கட்சியான ஐபிசெக், முனைக்கு முனை பூட்டுவதால், நடுவில் யார் கருவி இருந்தாலும் கவலைப்படாது. அதன் விலை, இரு முனையிலும் ஒரு ரூட்டரோ ஃபயர்வாலோ. இழை முழுக்க உங்களுடையது என்றால் மேக்செக். நடுவில் பிறர் வலையமைப்பு புகுந்தால் ஐபிசெக். சுவிட்ச் வாங்கும்போதே மேக்செக் உள்ளதா, அதற்குத் தனி உரிமம் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். பின்னால் மென்பொருளால் மட்டும் எல்லா மாடலிலும் சேர்த்துவிட முடியாது.

இழை சிங்கிள் மோடா (ஒளி ஒரே பாதையில் போகும் மெல்லிய மையம்), மல்டி மோடா (பல பாதைகளில் போகும் அகன்ற மையம்) என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. புதிதாக இழுப்பதென்றால் சிங்கிள் மோட். மல்டி மோடில் 1 கிகாபிட் 550 மீட்டர் போகும். அதே இழை ஓ.எம்.3 ரகமாக இருந்தாலும் 10 கிகாபிட்டுக்கு 300 மீட்டர்தான். சிங்கிள் மோடில் 10 கிலோமீட்டர் மாடுல் சாதாரணச் சரக்கு. ஒற்றை இழையில் இரு திசையும் ஓடும் பைடை மாடுல்களும் உண்டு. ஒரு முனை 1310 நானோமீட்டரில் அனுப்பினால் மறுமுனை அதைக் கேட்டு 1490-இலோ 1550-இலோ அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே ரகமாக வாங்கிவந்து விழிப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன்.

வளையமாக இழை இழுத்தால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் காப்பாற்றும். பாதை மாற்றும் நெறிமுறைகளில் ஆர்.எஸ்.டி.பி. மாறிக்கொள்ளச் சில நொடிகள் வரை ஆகலாம். ஜி.8032 என்னும் ஈ.ஆர்.பி.எஸ். 50 மில்லி நொடிக்குள் மாற வேண்டும் என்று வகுக்கப்பட்டது. ஆனால் இரண்டு கேபிளையும் ஒரே பள்ளத்தில் புதைத்துவிட்டு வளையம் என்று அழைப்பதில் பொருளில்லை.

பொருத்தும் நாளில் நடந்த ஒன்று. வழியில் ஒளி எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டோம்: மூன்று கிலோமீட்டர் இழை, 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.4 டெசிபல் என்று 1.2. இரண்டு இணைப்பிகளுக்கு 1, நான்கு ஸ்பிளைஸ்களுக்கு (இழையோடு இழையை ஒட்டிய இடங்களுக்கு) 0.4. மொத்தம் 2.6. மறுமுனை மைனஸ் 6 டி.பி.எம். (ஒளித் திறனின் அலகு) அனுப்பியது, ஆக மைனஸ் 8.6 அளவில் வர வேண்டும். சுவிட்சில் பார்த்தால் மைனஸ் 17. இணைப்பு என்னவோ எழுந்துவிட்டது, விளக்கும் எரிந்தது. உடன் வந்தவர், “அதுதான் வேலை செய்கிறதே சார், கிளம்பலாமே” என்றார். அந்த மாடுல் மைனஸ் 19 வரைதான் கேட்கும். இன்னும் 2 டெசிபல் போனால் ஊமையாகிவிடும். இழையைக் கழற்றி நுண்ணோக்கியில் வைத்தோம். 9 மைக்ரான் மையத்தின்மேல், பாறாங்கல் போல ஒரு தூசி. கிளீனர் பேனாவை இரண்டு முறை அழுத்தியதும் மைனஸ் 9.

கழற்றும்போது கண்ணால் இழையின் முனையைப் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதே ஆபத்து. பச்சை இணைப்பியின் முகம் 8 டிகிரி சாய்ந்திருக்கும், நீலத்தின் முகம் நேரானது. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது. ஒளி அதிகமாக வந்தால் நல்லது என்று 80 கிலோமீட்டர் மாடுலைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போடுவதும் வேண்டாம். ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் இல்லாவிட்டால் ஏற்பி கருகிவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் இரு முனையிலும் வந்த ஒளி அளவைத் தேதியோடு எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுவது என் வழக்கம். அடுத்த ஆண்டு வருபவர் அந்த எண்ணோடு ஒப்பிட்டால் போதும். ஒருமுறை வேறொருவர் அமைத்த பெட்டியில் இப்படி ஒரு தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஒளி அளவுக்குக் கீழே, அழகான கையெழுத்தில், சுவிட்சின் கடவுச்சொல்லும் இருந்தது.